‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதற்குப் பதிலாக

பாடம் முடிந்ததும் “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று கேட்டால், வகுப்பே ஒரே ராகத்தில் “புரிஞ்சுது” என்று இழுக்கும். பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. விடை கரும்பலகையில் இருக்கிறது, விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது. அந்த நிமிடத்தில் புரிந்த மாதிரிதான் இருக்கும். மறுநாள் அதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புரிந்துவிட்டதாக நினைத்ததற்கும் உண்மையில் புரிந்ததற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைப் பிள்ளையே பார்க்கப் பழக்குவதுதான் மெட்டாகாக்னிஷனில் முக்கால்வாசி வேலை. மீயறிவு, சிந்தனையைப் பற்றிய சிந்தனை என்று தமிழில் பல பெயர்கள் இருக்கின்றன. மாணவர்களிடம் எந்தப் பெயரையும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் அதையும் ஒரு வரையறையாக மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

இந்தச் சொல்லை 1970-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளாவெல். அவர் 1979-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனையைக் குறிப்பிடுகிறார். பிள்ளைகளிடம் சில பொருள்களைக் காட்டி, “ஒன்றுவிடாமல் சொல்லிவிடலாம் என்று உறுதியாகும்வரை பார்த்துக்கொள், ஆனதும் சொல்” என்றார்கள். பெரிய பிள்ளைகள் ‘ஆயிற்று’ என்றபோது பெரும்பாலும் சரியாகவே ஒப்பித்தார்கள். சின்னப் பிள்ளைகளும் அதே தைரியத்தோடு ‘ஆயிற்று’ என்றார்கள், ஒப்பிக்க வரவில்லை. நினைவில் நிற்காதது ஒரு குறை. ‘இன்னும் ஆகவில்லை’ என்பது தெரியாமல் போனது வேறொரு குறை. வகுப்பில் நாம் கை வைப்பது இரண்டாவதில்.

தொடங்க எளிய வழி, விடை தெரிவதற்கு முன்பே நிச்சயத்தை எழுதவைப்பது. முந்தைய நாள் பாடத்திலிருந்து 5 கேள்விகள் போதும், 10 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஓர் எண்: 2 என்றால் நிச்சயம், 1 என்றால் சந்தேகம், 0 என்றால் குருட்டாம்போக்கு. எழுத்தால் குறிக்கச் சொல்லாதீர்கள். உறுதிக்கு ‘உ’, ஊகத்துக்கு ‘ஊ’ என்று வைத்தால் திருத்தும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பென்சிலும் வேண்டாம். விடையைச் சொல்ல ஆரம்பித்ததும் 2 சத்தமில்லாமல் 1 ஆகிவிடும். விடையையும் எண்ணையும் பேனாவில் எழுதியபின், திருத்த வேறு நிற மையை எடுக்கச் சொல்லவேண்டும்.

திருத்தி முடித்ததும் முதலில் பேசவேண்டியது ‘2 போட்டும் தப்பானவை’ பற்றி. பிள்ளைகளுக்கு அதிர்ச்சியும் அங்கேதான், ஆர்வமும் அங்கேதான். பட்டர்ஃபீல்டும் மெட்காஃபும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது இது: மிக நிச்சயமாக நினைத்துத் தவறிய விடைகள்தான், திருத்தம் சொன்னபின், அரைமனதாக எழுதித் தவறியவற்றைவிட எளிதாகச் சரியாகின்றன. அடித்துச் சொன்ன விடை தப்பாகும்போது மனம் திடுக்கிட்டுக் கவனிக்கிறது. ஆகவே அந்தக் கேள்விகளுக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் கொடுத்து, “எதை நம்பி 2 போட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதிலில் ஒரு தவறான விதி வெளியே வரும். ‘பெருக்கினால் எப்போதும் பெரிசாகும்’ என்பது போல. அரைநாள் விளக்கிக் கண்டுபிடிக்க முடியாத முடிச்சு இப்படி ஒரு வரியில் அவிழும்.

அடுத்து, ‘0 போட்டும் சரியானவை’. இதைப் பிள்ளைகள் வெற்றியாக எண்ணிக் கைதட்டிக்கொள்வார்கள். படிக்கவேண்டிய பட்டியலில் இதுவும் சேரவேண்டும். அடுத்த முறை அதிர்ஷ்டம் கைகொடுக்காது. சில பிள்ளைகள், பெரும்பாலும் அமைதியானவர்கள், எல்லாவற்றுக்கும் 1 போட்டிருப்பார்கள். விடை மட்டும் வரிசையாகச் சரியாக இருக்கும். அவர்களுக்கு வேண்டிய பாடம் நேர் எதிரானது. “நீ சந்தேகப்பட்ட அஞ்சுல நாலு சரி, பார்த்தியா?” என்று அவர்கள் நோட்டிலேயே எண்ணிக் காட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் 2-கள் முளைக்கத் தொடங்கும்.

இந்த எண்களுக்கு மதிப்பெண் போட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. நிச்சயம் என்று சொல்லித் தப்பானால் மார்க் குறையும் என்ற நிலையில் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். வகுப்பறியக் காட்டச் சொல்வதும் அப்படித்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகளைத் தூக்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கவனித்துப் பாருங்கள்: முதல் நொடியில் நாலைந்து பச்சை எழும்பும், மற்றவர்கள் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பச்சையை எடுப்பார்கள். அட்டை அளப்பது தைரியத்தை. நோட்டின் ஓரத்தில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போது கேட்கிறோம் என்பது, என்ன கேட்கிறோம் என்பதைவிட முக்கியம். படித்த கையோடு கேட்டால் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நெல்சனும் டன்லாஸ்கியும் 1991-இல் சொற்சோடிகளை வைத்துச் செய்த சோதனையில், படித்து முடித்த உடனே ‘இது நினைவிருக்குமா’ என்று மதிப்பிட்டதைவிட, சற்று நேரம் விட்டு மதிப்பிட்டது வெகுவாகத் துல்லியமாக இருந்தது. வகுப்புக்கு இதன் பொருள் எளிது. பாடம் முடிகிற கடைசி 5 நிமிடத்தில் செய்யும் ‘இன்று என்ன கற்றேன்’ வேலையை அடுத்த நாள் முதல் 5 நிமிடத்துக்குத் தள்ளிப்போடுங்கள், புத்தகம் மூடியபடி. தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதில்லை.

இனி, உரக்கச் சிந்தித்துக் காட்டுவது. இதில் ஆசிரியர்கள் செய்யும் தவறு, தெரிந்த வழியை வழுக்கிக்கொண்டு சொல்லிவிடுவது. அது வெறும் விளக்கம். மாணவன் பார்க்கவேண்டியது தடுமாற்றத்தையும், தடுமாறியதை எப்படிக் கண்டுகொள்கிறோம் என்பதையும். ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 3 மணி நேரத்தில். இரண்டையும் திறந்துவிட்டால் எவ்வளவு நேரமாகும்? கரும்பலகை முன் நின்று சொல்லவேண்டியது கிட்டத்தட்ட இப்படி:

“ஆறும் மூணும் கொடுத்திருக்காங்க. சேர்ந்துனு இருக்கு. சராசரி எடுக்கலாமா? ஆறும் மூணும் ஒன்பது, ரெண்டால வகுத்தா நாலரை. எழுதிட்டேன்... ஒரு நிமிஷம். இந்த விடை நடக்கக்கூடியதா? சின்னக் குழாயை மூடிட்டா பெரிய குழாய் மட்டுமே மூணு மணி நேரத்துல நிரப்பிடும். இன்னொரு குழாய் உதவிக்கு வந்த பிறகு நாலரை மணி ஆகுமா? ஆகாது. அப்ப விடை மூணுக்குக் கீழேதான் இருக்கணும். சராசரி தப்பான வழி. நேரத்தைக் கூட்டக் கூடாது, ஒரு மணி நேரத்துல எவ்வளவு நிரம்புதுனு பார்க்கணும். ஒண்ணு ஆறில் ஒரு பங்கு, இன்னொண்ணு மூணில் ஒரு பங்கு. ரெண்டும் சேர்ந்தா பாதி. ஒரு மணிக்குப் பாதின்னா மொத்தம் ரெண்டு மணி. மூணுக்குக் கீழே இருக்கு, சரியா வருது.”

மொத்தம் ஒன்றரை நிமிடம். இதில் உயிர் ‘ஒரு நிமிஷம்’ என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே உண்மையாகவே நிற்கவேண்டும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து விடையைப் பார்த்தால் இன்னும் நல்லது. சில நாள் கழித்து, கணக்கு போடும்போது நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து நோட்டைப் பார்க்கும் பிள்ளைகளைக் காணலாம். தவறை முன்கூட்டியே தயாரித்துக்கொண்டு வரவேண்டும். அந்த வகுப்பில் போன மாதம் நிறையப் பேர் செய்த தவறாக இருந்தால் நலம். மாணவர்களை மட்டம் தட்டுகிற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது.

புதிய பாடத்தையும் புதிய சிந்தனை முறையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். இரண்டும் மனதில் இடத்துக்குச் சண்டை போடும், இரண்டும் தோற்கும். முறை புதிது என்றால் பாடம் பழையதாக இருக்கட்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. பாடமே தெரியாத பிள்ளையிடம் ‘உன்னை நீயே சரிபார்’ என்றால் எதை வைத்துச் சரிபார்ப்பது? டன்னிங்கும் க்ரூகரும் 1999-இல் எழுதியது இதைத்தான்: ஒரு வேலையைச் சரியாகச் செய்ய வேண்டிய அறிவுதான், செய்தது சரியா என்று எடைபோடவும் வேண்டியிருக்கிறது. ஆகவே பின்தங்கிய பிள்ளைக்கு முதலில் கொடுக்கவேண்டியது, தீர்த்துக்காட்டிய 2 மாதிரிக் கணக்குகள். ஒன்று சரியாக, ஒன்று நடுவில் ஓரிடத்தில் பிசகி. எந்த வரியில் பிசகியது என்று தேடுவது அவனால் முடியும். சொந்தக் கணக்கில் தேடுவது அதற்கு அடுத்த படி.

குழுவாகக் கணக்கு போடும்போது கேட்க மூன்று கேள்விகள் உண்டு. கணிதக் கல்வி ஆய்வாளர் ஆலன் ஷோன்ஃபெல்ட் தன் வகுப்பில் பயன்படுத்தியவை: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? ஏன் அதைச் செய்கிறீர்கள்? அது எப்படி உதவப்போகிறது? மாணவர்கள் 20 நிமிடம் கணக்கு போடுவதைப் பதிவுசெய்து அவர் பார்த்தபோது, பலர் கேள்வியைப் படித்ததும் ஏதோ ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதிலேயே போனது தெரிந்தது. அனுபவமுள்ள கணிதவியலாளரோ நடுநடுவே நின்று வழியை மாற்றிக்கொண்டே இருந்தார். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுவதால் பயன் குறைவு. சுவரில் இருப்பது ஒரு வாரத்தில் சுவரோடு சுவராகிவிடும். ஆசிரியர் சுற்றிவந்து கேட்கவேண்டும், வழி சரியாகப் போகிற குழுவிடமும். தப்பு நடக்கும்போது மட்டும் கேட்டால் ‘கேள்வி வந்தால் தப்பு’ என்று பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்து, பதில் சொல்லாமல் அழித்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் மௌனம்தான் பதில். அவசரப்பட்டு வழி சொல்லிவிடாமல், “சரி, அஞ்சு நிமிஷத்துல திரும்ப வரேன்” என்று நகர்ந்துவிடுவது நல்லது. கட்டாயம் திரும்ப வரவேண்டும்.

மொழிப் பாடத்திலும் அறிவியலிலும் இதற்கு இணையான வேலை, முரண் புதைத்த பத்தி. எல்லன் மார்க்மேன் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு மீன்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வாசிக்கப்பட்டது. கடலடியில் வெளிச்சமே கிடையாது, நிறம் தெரியாத அளவுக்கு இருட்டு என்று ஒரு வரி. அங்கே வாழும் மீன்கள் உணவை நிறத்தை வைத்து அடையாளம் காணும் என்று இன்னொரு வரி. உடனே எழுந்து ‘அதெப்படி?’ என்று கேட்கவேண்டியதுதானே? ஏராளமான பிள்ளைகள் எல்லாம் புரிந்தது என்றார்கள். ஒவ்வொரு வரியும் தனித்தனியே புரிந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இப்படி ஒரு பத்தியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். 6 முதல் 8 வரி, முரண்படும் இரண்டு வரிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வரி இடைவெளி. எண்ணை மட்டும் மாற்றி வைக்கிற முரண் வேண்டாம், அதைக் கண் பிடித்துவிடும். காரண-காரியத்தில் முரண் வேண்டும். முதல் நாள் எதுவும் சொல்லாமல் கொடுத்து ‘ஏதாவது கேட்கணுமா?’ என்று மட்டும் கேளுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு ‘ஓரிடத்தில் இடிக்கிறது’ என்று சொன்னால் 2 நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தக் கணம் முக்கியம்: கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்தான், தேடவில்லை. இதை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் பொறி இருக்கும் என்று ஆகிவிட்டால் வாசிப்பு வெறும் பிழைவேட்டையாகிவிடும். நாலில் ஒன்று முரண் இல்லாத பத்தியாக இருக்கவேண்டும். ‘இதில் தப்பு இல்லை’ என்று சொல்லவும் தைரியம் வேண்டுமல்லவா?

படிக்கும் முறையைப் பற்றி அறிவுரை சொல்லிப் பயனில்லை. ‘திரும்பத் திரும்ப வாசிக்காதே, மூடிவைத்து எழுதிப்பார்’ என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் கேட்பதில்லை, ஏனென்றால் திரும்ப வாசிக்கும்போது சுகமாக இருக்கிறது, எழுதிப்பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும். ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையை வகுப்பளவுக்குச் சுருக்கிச் செய்யலாம். சுமார் 200 சொல்லில் இரண்டு பத்திகள் எடுங்கள். முதல் பத்தியை 4 நிமிட வீதம் மூன்று முறை வாசிக்கட்டும். இரண்டாவதை 4 நிமிடம் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடி வைத்து, வெற்றுத்தாளில் நினைவிலிருப்பதை 4 நிமிட வீதம் இரண்டு முறை எழுதட்டும். ஒரு வாரத்தில் எது அதிகம் நினைவிருக்கும் என்று ஒவ்வொருவரும் கணிப்பை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடவேண்டும். சரியாக ஒரு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், பத்திக்கு 10 கேள்விகள்.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒரு பத்தி மற்றதைவிட எளிதாக இருந்துவிட்டால் முடிவு கலங்கிவிடும்; ஆகவே பாதி வகுப்புக்குப் பத்திகளை மாற்றிக் கொடுக்கவேண்டும். இரண்டாவது, பொறுமை இல்லாமல் அன்றைக்கே தேர்வு வைப்பது. அந்த ஆய்விலேயே 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். 2 நாளிலும் ஒரு வாரத்திலும்தான் நிலைமை தலைகீழானது. அன்றே கேட்டால் பிள்ளைகள் தப்பான பாடத்தை, சோதனைச் சான்றோடு, கற்றுக்கொண்டு போவார்கள். மூன்றாவது, வகுப்புச் சராசரியை மட்டும் சொல்வது. ஒவ்வொருவரும் தன் இரண்டு மதிப்பெண்ணையும் தன் பழைய கணிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சிலருக்கு முடிவு மாறி வரும். வரட்டும், அதையும் எழுதிக்கொள்ளட்டும். இன்னொரு மாதம் கழித்து மறுபடி செய்யலாம்.

தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வருடத்திலேயே விலைமதிப்புள்ள நாள். பெரும்பாலும் அது கூட்டலைச் சரிபார்ப்பதிலேயே வீணாகிறது. 15 நிமிடம் எடுத்து வையுங்கள். தாளைக் கொடுக்குமுன் ஒரு துண்டுத்தாள்: எவ்வளவு வரும் என்று நினைக்கிறாய், எப்படிப் படித்தாய் (எத்தனை நாள், வாசித்தா எழுதிப்பார்த்தா), எந்தக் கேள்வி சந்தேகம். பிறகு தாளைக் கொடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் நாலு கூடையில் ஒன்றில் போடச் சொல்லவேண்டும்: கேள்வியைத் தப்பாகப் படித்தது, விஷயமே தெரியாதது, தெரிந்தும் செய்கையில் பிசகியது, நேரம் போதாதது.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கு அன்று தடை. அதை அனுமதித்தால் எல்லாத் தாளிலும் அதுவே இருக்கும், அடுத்த வரியில் ‘இனி கவனமாக இருப்பேன்’ என்றும் இருக்கும். அதிலிருந்து எதுவும் செய்ய முடியாது. ‘கழித்தல் குறிக்குப் பின்னால் அடைப்புக்குறி வந்தால் உள்ளே குறி மாற்ற மறந்தேன், 3 இடத்தில்’ என்று எழுதினால் செய்ய முடியும். அந்த வரிக்குக் கீழே, அடுத்த தேர்வுக்கு முன் செய்யப்போகும் ஒரே ஒரு வேலை. எப்போது, எத்தனை என்பதோடு. ‘அடைப்புக்குறி நீக்கும் கணக்கு தினம் 4, தேர்வுக்கு முந்தைய 5 நாள்.’ இந்தத் துண்டுத்தாள்களை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு திருப்பிக் கொடுக்கவேண்டும். எல்லாரும் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். திரும்பி வராத துண்டுத்தாள் வெறும் வாக்குமூலம்.

தினசரி எழுதும் ‘சிந்தனைக் குறிப்பேடு’ பற்றி நல்ல வார்த்தை சொல்ல முடியவில்லை. மூன்றாம் வாரத்தில் ‘இன்றைய பாடம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்ற வரி எல்லா நோட்டிலும் இருக்கும். ஆசிரியருக்குப் பிடிக்கும் என்று எழுதுவது சுயமதிப்பீடு ஆகாது. வாரம் ஒருமுறை, ஒரே கேள்வி போதும்: “இந்த வாரம் எந்த இடத்தில் உன் கருத்தை மாற்றிக்கொண்டாய், எதைப் பார்த்து?” பதில் இல்லாத வாரம் வெற்றாக விடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

சின்ன வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் வேண்டாம். 10 படங்களைக் காட்டி மறைக்குமுன், ‘எத்தனை சொல்வாய்?’ என்று விரலால் காட்டச் சொன்னால் பாதிப் பேர் பத்து விரலையும் விரிப்பார்கள். ஐந்தாறு சொல்லிவிட்டு முழிப்பார்கள். அடுத்த முறையும் பத்துதான். அந்த வயதில் அது இயல்பு. திருத்தவேண்டிய அவசரம் இல்லை. ‘போன தடவை எத்தனை வந்தது?’ என்று கணிப்புக்கு முன் நினைவூட்டினால் மெல்ல விரல்கள் மடங்கும்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? 45 நிமிட வகுப்பில் 5 நிமிடம் என்று தொடர்ந்து செய்தால், முதல் இரண்டு வாரம் ஆசிரியர் செய்து காட்டுவது, அடுத்த இரண்டு மூன்று வாரம் இருவர் இருவராக (ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கைப் போட, மற்றவர் ‘ஏன்?’ என்று மட்டும் கேட்பார், விடை சொல்லக் கூடாது), பிறகு தனியாக என்று ஒரு பருவம் ஓடிவிடும். ஷோன்ஃபெல்டின் மூன்று கேள்விகளை அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கவும் நாள் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் பிள்ளை, அட்டை இல்லாத தேர்வறையில் கேட்டுக்கொள்ளாது. முதலில் மூன்று கேள்வியில் ஒன்றை அழியுங்கள், அடுத்த வாரம் இன்னொன்றை.

பலன் வருகிறதா என்று பார்க்க மதிப்பெண்ணை நம்பவேண்டாம், அது மெதுவாக வரும். ஒவ்வொரு தேர்விலும் கணிப்புக்கும் பெற்றதற்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். 50-க்கு 45 என்று கணித்து 28 வாங்கியவன் நாலாவது தேர்வில் 32 என்று கணித்து 30 வாங்கினால், மதிப்பெண் இரண்டுதான் ஏறியிருக்கிறது, வித்தியாசமோ 17-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டது. தனக்கு எது தெரியவில்லை என்பது இப்போது அவனுக்குத் தெரியும். அப்படித் தெரியாதவற்றின் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பாடங்களை மறுபடி நடத்துவது அடுத்த வாரத்து வேலை.